நாற்காலி வட்டம்

வந்து ஆறு நாளாகிவிட்டது. சொல்ல வந்ததை நூரிஸ் இன்னும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். "ரிஷெலி, உன்னைப் பெத்தவ நான்." நெதர்லாந்தில் விமானம் ஏறும்போது அந்த வரி நாக்கு நுனியில் இருந்தது. பத்து மணி நேரமும் கடலுக்கு மேலே அதை மெதுவாக, வேகமாக, சிரித்துக்கொண்டே, கண்கலங்கி என்று விதவிதமாக முணுமுணுத்துப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரர் இவள் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்துத் தானும் தலையைக் குனிந்துகொண்டார். கரீபியன் கடலின் குராசாத் தீவில் இறங்கி, அந்தச் சூட்டுக் காற்று முகத்தில் அடித்ததும் வரி தொண்டைக்குள் போனது. போனது போனதுதான்.

பத்தொன்பது வயதில் பெற்ற பிள்ளை. பிள்ளைக்குப் பத்து மாதம் ஆனபோது படிப்புக்கு உதவித்தொகை வந்தது. ஆகஸ்ட் பிறந்தால் தீவுப் பிள்ளைகள் விமானம் விமானமாக நெதர்லாந்து கிளம்புவார்கள், நூரிஸும் கிளம்பினாள். "ரெண்டே வருஷம் அக்கா, படிச்சு முடிச்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொல்லிக் குழந்தையை அக்கா ஓமைராவின் கையில் கொடுத்தாள். அக்காவுக்கும் அவள் கணவன் ருட்செலுக்கும் பிள்ளை இல்லை. அடுத்தவர் பிள்ளையை வாங்கி வளர்ப்பது இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடப்பது. யாரும் பத்திரம் எழுதவில்லை, யாரும் புருவம் தூக்கவில்லை.

இரண்டு வருஷம் பதினொன்றாகிவிட்டது. படிப்பு பாதியில் நின்றது. வேறு படிப்பு தொடங்கியது. ஒரு கல்யாணம் நடந்தது, அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நடுவில் இரண்டு முறை ஊருக்கு வந்தாள். முதல் முறை வந்தபோது மூன்று வயது ரிஷெலி ஓமைராவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இது யாரு?" என்று கேட்டாள். ஓமைரா "சித்தி" என்றாள். அந்த நேரத்துக்கு வாயில் வந்த சொல். பிறகு அதைத் திருத்துவதற்கு ஒருவருக்கும் மனம் வரவில்லை. இரண்டாம் முறை வந்தபோது, இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள், இப்போது வேண்டாம் என்றார்கள்.

நாளை ரிஷெலிக்குப் பன்னிரண்டு முடிகிறது. நூரிஸிடம் இப்போது நிரந்தர வேலை இருக்கிறது, தன் பெயரில் இரண்டறை வீடு இருக்கிறது. சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டிக்கொண்டு போவதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் பிள்ளைக்குத் தெரியட்டும் என்றுதான் வந்தாள். ஞாயிறு மாலை திரும்பிப் போகும் விமானம்.

இந்த ஆறு நாளில் முயற்சி செய்யாமல் இல்லை. திங்கட்கிழமை இருவருமாக லாகூன் கடற்கரைக்குப் போனார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "ரிஷெலி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். சிறுமி நீந்துவதை நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். நூரிஸ் கண்ணைத் தண்ணீர் மேல் திருப்பினாள். அந்த நேரம் பார்த்து பத்தடி தள்ளி ஓர் ஆமை தலை தூக்கியது. "ஆமை! போ, போய்ப் பாரு" என்று நூரிஸே அவளை அனுப்பிவைத்தாள். ஆமைக்கு மனதுக்குள் நன்றி வேறு சொன்னாள்.

புதன்கிழமை தலை பின்னிவிடும்போது ஆரம்பித்தாள். முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் சொல்வது சுலபம் என்று கணக்குப் போட்டிருந்தாள். மூன்றாவது பின்னலில் ஓமைரா சீப்போடு வந்து, "அந்தப் பக்கம் நான் பின்னறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். இந்த வாரம் இவர்கள் இருவரும் எங்கே தனியாக உட்கார்ந்தாலும் அங்கே ஓமைராவுக்கு ஒரு வேலை இருந்தது.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. நூரிஸ் முற்றத்தைப் பெருக்கினாள், பெருக்கிய முற்றத்தைக் காற்று மறுபடி குப்பையாக்க, மறுபடி பெருக்கினாள். கள்ளி வேலிக்கு வெளியே நின்ற ஆடுகளுக்குக்கூட அவள் நடமாட்டம் பழகிவிட்டது. அப்பாவின் தங்கை எர்சிலியா அத்தை தாழ்வாரத்தில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, குளிர் நாட்டுல நாற்காலியே கிடையாதா? உக்கார மறந்துட்டியா?"

"சும்மா இருந்தா கை கால் பிடிச்சுக்குது அத்தை."

"கை காலா பிடிச்சிருக்கு? வாய்தான் பிடிச்சிருக்கு. எனக்குத் தெரியாதா?"

எர்சிலியா அத்தைக்கு எல்லாம் தெரியும். தீவின் மேற்குக் கோடியில் ஓர் ஆடு குட்டி போட்டால், கிழக்குக் கோடிக்குச் செய்தி போய்ச் சேரும் முன்பே அவள் அதற்குப் பெயர் வைத்திருப்பாள். இவ்வளவு தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில், ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் தெரியாது என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. பெரியவர்களின் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவும் தங்கையும் அடுப்படி மேஜையில் ஊறவைத்த காராமணியைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விருந்துக்கு வடை. ரிஷெலி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நூரிஸ் கையிலிருந்த பயற்றைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"இன்னிக்கு அவ வந்ததும் சொல்லிடப் போறேன் அக்கா."

"நாளைக்குப் பொறந்தநாள்."

"அதுக்கு?"

"பொறந்தநாள் முடியட்டும்கறேன்."

"ஒன்பது வருஷமா எதையாவது முடியட்டும் முடியட்டும்ங்கற. முதல் நற்கருணை வாங்கட்டும்ன. அம்மை இறங்கட்டும்ன. இனிமே அவ கல்யாணம் முடியட்டும்ப, பேரப்பிள்ளை பொறக்கட்டும்ப. அப்ப வந்து சொல்றேன், கைத்தடி ஊணிக்கிட்டு."

ஓமைரா சிரிக்கவில்லை. அவள் விரல்கள் ஊறி வெளுத்துப்போயிருந்தன. அவற்றை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லாதேன்னு நான் சொல்லல நூரிஸ். நீ பெத்தவ. இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். ஆனா ஒண்ணு கேக்கறேன். வருஷா வருஷம் அவ பொறந்தநாளைக்கு எல்லாரும் வட்டமா உக்கார்றாங்க. ஒவ்வொருத்தரும் வந்து என் கையைப் பிடிச்சு, மகளுக்காக பபியென்னு வாழ்த்தறாங்க. நானும் மசா டாங்கின்னு நன்றி சொல்லி வாங்கிக்கறேன். வாங்கிக்கும்போதெல்லாம் கடையில எதையோ எடுத்து மடியில ஒளிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. பதினோரு வருஷமா இருக்கு."

"அக்கா..."

"நீ ஒரு தடவை சொல்லு. உன் வாயால. எல்லார் முன்னாடியும் என் கையைப் பிடிச்சு, உன் மகளுக்காக பபியென்னு சொல்லு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நானே அவளக் கூட்டிட்டு வந்து உன் முன்னாடி உக்கார வைக்கறேன். நீ சொல்லிக்கோ. நான் பக்கத்துலகூட நிக்க மாட்டேன்."

"நான் சொன்னா திருட்டு இல்லன்னு ஆயிடுமா?"

"ஆயிடும்" என்றாள் ஓமைரா. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, பயற்றுக் கை என்று ஞாபகம் வந்து, தோளில் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளைக்கு இருமல் வந்தபோதும் காய்ச்சல் வந்தபோதும் விழித்திருந்தவள் கேட்கிறாள். ஒரு வார்த்தைதானே என்று நூரிஸ் தலையாட்டினாள். ஆக, பழக வேண்டிய வரிகள் இப்போது இரண்டாகிவிட்டன.

சனிக்கிழமை காலையில் வடை மாவை அடித்துக்கொண்டே அந்த இரண்டாவது வரியைப் பழகினாள். முதல் பத்துத் தடவை "மகள்" என்ற இடத்தில் வரி அறுந்தது. பிறகு வழிக்கு வந்தது. இந்த மாதிரி வேலையில் அவளுக்கு அனுபவம் உண்டு. செத்துப் பத்து வருஷமான புருஷன் எப்போது வருவார் என்று கேட்கிற நோயாளிகளிடம் "நாளைக்கு வந்துடுவார்" என்று முகம் மாறாமல் சொல்லித்தான் முதியோர் இல்லத்தில் நல்ல பெயர் வாங்கியிருந்தாள். மாவு நுரைத்து வெளுத்தபோது வரியும் வழுவழுவென்று ஆகியிருந்தது.

நான்கு மணிக்குப் புளிய மரத்தடியில் இருபத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாக நின்றன. டச்சுக்காரர்களிடமிருந்து தீவு என்னென்னவோ வாங்கிக்கொண்டது. அதில் இந்த வட்டமும் ஒன்று. வாங்கிக்கொண்டவர்கள் கொடுத்தவர்களைவிடக் கண்டிப்பானவர்கள். பிறந்தநாள்காரியிடம் மட்டும் கைகொடுத்துவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட யாராலும் முடியாது. நாற்காலி நாற்காலியாகப் போய், உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, மகளுக்காக, பேத்திக்காக, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக என்று முறை சொல்லிப் பபியென் சொல்ல வேண்டும். எர்சிலியா அத்தை வாசலைப் பார்த்த நாற்காலியில் சுங்க அதிகாரி போல உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி ஒருவரும் நழுவ முடியாது.

"ஏய் கில்மார்! என் கையைத் தாண்டிப் போறியே, எனக்கென்ன சொறியா?"

"இல்ல அத்தை, பரிசை வச்சுட்டு வரலாம்னு..."

"பரிசு ஓடாது. கையைக் கொடு. ம், யாருக்காக?"

"உங்க பேத்திக்காகப் பபியென்."

"இது வாழ்த்து. போ, அடுத்த ஆளு."

நூரிஸின் இடம் ஓமைராவுக்கு அடுத்த நாற்காலி. அங்கேதான் சிக்கல். முதல் நாளே அத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, நூரிஸிடம் "அக்கா மகளுக்காக" என்றுதான் சொல்ல வேண்டும் என்று எச்சரித்திருந்தாள். எச்சரித்ததால் எல்லாம் கெட்டது. கோயில் பாட்டுக்குழுப் பெண்கள் நால்வரும் ஓமைராவிடம் கணீரென்று "மகளுக்காக" என்றவர்கள், நூரிஸிடம் வந்ததும் நான்கு விதமாக இருமினார்கள். மீன்பிடிக்கிற சாலோ "ம... ம..." என்று ஆரம்பித்து, அத்தையைத் திரும்பிப் பார்த்து, "அக்கா மகளுக்காக" என்று முடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். எதிர்வீட்டு பெச்சி "உனக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடியே போனாள். ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் நூரிஸின் கன்னத்தைத் தட்டினாள். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

ரிஷெலி மஞ்சள் கவுனில், தோளில் காகிதச் சுருள்களோடு நடுவில் நின்று பரிசுகளை வாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவரும் நூரிஸின் நாற்காலியை அடையும்போது பரிசைப் பிரிப்பதை நிறுத்தினாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஏழெட்டுப் பேருக்குப் பிறகு நூரிஸ் எழுந்துவிட்டாள். வடை கருகும் என்றாள். வடை கருகவில்லை, இன்னும் எண்ணெயிலேயே போடவில்லை. அடுப்படிக்கும் வட்டத்துக்கும் நடந்து நடந்து தேய்ந்தாள். சீஸ் துண்டு, ஊறுகாய் வெங்காயம், குச்சி குத்திய சாசேஜ், ரிஷெலியின் பெயர் எழுதிய முந்திரி கேக் என்று தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தாள். காற்று காகிதத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போக, அவற்றைத் துரத்திக்கொண்டும் ஓடினாள். ருட்செல் அவள் கையிலிருந்து தட்டை வாங்கப் பார்த்தான்.

"உக்காரும்மா. நீ விருந்தாளி."

"நான் விருந்தாளி இல்ல மாமா" என்றாள் வெடுக்கென்று. அவன் தட்டை விட்டுவிட்டான்.

"விருந்தாளி இல்லல்ல?" என்றது அத்தையின் குரல். "அப்ப நீ ஏன் இன்னும் சுத்தி வரல? நாலு மணிலேருந்து நீயா ஒருத்தர் கையைப் பிடிச்சியா? அங்க போய் மரியாதையும் மறந்தாச்சா? தட்டை வை. வந்து சுத்து."

வட்டத்துத் தலைகள் எல்லாம் திரும்பின. ஓமைரா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

நூரிஸ் தட்டை வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்தாள். அத்தையிடமிருந்து தொடங்கி நாற்காலி நாற்காலியாக வந்தாள். பெச்சி, சாலோ, பாட்டுக்குழு, கில்மார், ருட்செல். ருட்செலின் கை சொரசொரவென்று இருந்தது. "உங்க மகளுக்காகப் பபியென் மாமா" என்றாள். அவன் தலையை மட்டும் அசைத்தான். அடுத்தது ஓமைரா.

"அக்கா, உன் மகளுக்காகப் பபியென்" என்றாள் நூரிஸ். எண்ணெய் தடவிய சக்கரம் போல வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. குரல் நடுங்கவில்லை. புன்னகைகூட இருந்தது.

ஓமைரா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மசா டாங்கி" என்று சொல்ல வாயெடுத்து, முடியாமல் அழுதாள். வட்டம் முழுவதும் பெருமூச்சு விட்டது. அத்தை கைதட்டி, "பாடுங்கய்யா! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அதட்ட, எல்லாரும் முதலில் டச்சிலும் பிறகு சொந்த மொழியிலும் பாடினார்கள்.

நூரிஸ் அடுப்படிக்கு வந்தபோது மனது லேசாக இருந்தது. வாக்கைக் காப்பாற்றியாயிற்று. இனி நாளைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். நிம்மதியாக வடையை எண்ணெயில் போட்டாள். பின்னாலேயே ரிஷெலி வந்தாள்.

"ஐஸ் கேட்டாங்க" என்று குளிர்பெட்டியின் மேல் கதவைத் திறந்தாள். திறந்தவள் ஐஸை எடுக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம். மூணாங்கிளாஸ் படிக்கும்போதே கூடப் படிச்ச கென்லி சொல்லிட்டான். அவனுக்கு அவங்க மாமி சொன்னாங்களாம்."

எண்ணெயில் வடை புரட்டப்படாமல் கிடந்தது.

"அம்மாகிட்ட... அக்காகிட்ட நீ கேக்கலையா?"

"கேட்டா அம்மா அழுவாங்க. அதான் நீங்க வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். உங்கள என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியாம இந்த வாரம் பூரா கூப்பிடாமலே ஓட்டிட்டேன். கடல்ல வச்சு ஆரம்பிச்சீங்க. சரி, இப்ப சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். ஆமையைப் பாருன்னு அனுப்பிட்டீங்க. நான் எத்தனையோ ஆமை பாத்திருக்கேன்."

"ரிஷெலி, நான் சொல்லத்தான்..."

"இன்னிக்கு நான் எல்லாரையும் பாத்துக்கிட்டே இருந்தேன். உங்ககிட்ட வந்ததும் எல்லாரும் தடுமாறினாங்க. சாலோ மாமா தடுமாறினாரு. பெச்சி அக்கா ஓடியே போயிட்டாங்க. நீங்க சுத்தி வரும்போது, அம்மாகிட்ட வந்ததும் ஒரு நிமிஷமாவது நிப்பீங்கன்னு நெனச்சேன்." சிறுமி ஐஸ் தட்டை உருவி எடுத்தாள். "நீங்க மட்டும் தடுமாறவே இல்ல."

"அது அக்காவுக்குக் குடுத்த வாக்குடா கண்ணு. நாளைக்குக் காலைல, பூசை முடிஞ்சதும், உக்காந்து..."

"நாளைக்கா" என்றாள் ரிஷெலி. கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. ஐஸை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நூரிஸுக்கு வெட்கமாக இருந்தது. தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. காலை முழுக்க உட்கார்ந்து பழகி, மாவு அடித்து அடித்து, தன் பிள்ளையை இல்லை என்று சொல்லத் தொண்டையைச் சரிசெய்திருக்கிறாள். அக்காவுக்கு ஒரு வரி, பிள்ளைக்கு ஒரு வரி என்று பங்கு பிரித்தபோது, பிள்ளை அக்காவுக்கான வரியையும் கேட்டுக்கொண்டு நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வடை இப்போது நிஜமாகவே கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வட்டத்தில் காலியாக இருந்தது அவளுடைய நாற்காலி ஒன்றுதான். போய் உட்கார்ந்தாள். ஓமைரா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி?" என்று கிசுகிசுத்தாள். பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ரிஷெலியின் வகுப்பு டீச்சர் ஆர்லெட். போனேர் தீவிலிருந்து மாற்றலாகி இந்த வருஷம்தான் வந்தவள். எர்சிலியா அத்தையின் தொலைபேசிப் பட்டியலில் அவள் இல்லை.

அத்தைக்கு அது சட்டென்று உறைத்தது. "வாங்க டீச்சர், வாங்க! முதல்ல கேக்கு சாப்பிடுங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று பாதி எழுந்தாள்.

"ஐயோ, சுத்தாம எப்படி சாப்பிடறது? எங்க ஊர்ல இத மட்டும் விட மாட்டாங்க" என்று டீச்சர் சிரித்தாள். யார் நாற்காலியையும் தாண்டக் கூடாது என்று அரை நூற்றாண்டாகக் கத்தியவளால் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? கையை நீட்டினாள். டீச்சர் ரிஷெலியைக் கட்டிக்கொண்டு பரிசைக் கொடுத்துவிட்டு, சுற்ற ஆரம்பித்தாள். இந்த முறை வட்டம் மறுபக்கமாக வந்தது. ஓமைராவுக்கு முன்னால் நூரிஸ்.

"உங்கள நான் பாத்ததில்லையே" என்று டீச்சர் அவள் கையைப் பிடித்தாள். "நீங்க ரிஷெலிக்கு என்ன வேணும்?"

"நான்..." என்றாள் நூரிஸ்.

ரிஷெலி நான்கு நாற்காலி தள்ளி, சீஸ் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். சாலோ தன் தட்டில் எதையோ தேடினான். பாட்டுக்குழு ஒட்டுமொத்தமாகப் புளிய மரத்தை அண்ணாந்து பார்த்தது. சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த ஒற்றை வரி எங்கே போனது என்று தெரியவில்லை. வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"நான் அவளோட... நான் வந்து... இல்ல..."

"மெதுவா சொல்லுங்க" என்றாள் டீச்சர், வகுப்புப் பிள்ளையிடம் சொல்வது போல.

"நான்தான் பெத்தேன்" என்றாள் நூரிஸ். குரல் உடைந்து, பாதி காற்றோடு போனது. "பெத்துட்டு போயிட்டேன். அக்கா வளத்தா. அவதான் வளத்தா. ஆனா நான்தான் பெத்தேன்."

எர்சிலியா அத்தை எழப் பார்த்து, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். டீச்சர் ஆர்லெட்டுக்கு மட்டும் இதில் அதிசயப்பட எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். அத்தை வீட்டில், சித்தி வீட்டில், ஞானத்தாய் வீட்டில் வளர்வது அதில் எட்டோ ஒன்பதோ.

"அப்படியா? அப்ப உங்க மகளுக்காகப் பபியென்" என்று நூரிஸின் கையை நன்றாகக் குலுக்கினாள். ஓர் அடி தள்ளி ஓமைராவின் கையைப் பிடித்தாள். "உங்க மகளுக்காகப் பபியென்." அடுத்து ருட்செல். "உங்க மகளுக்காகப் பபியென்." சொல்லிவிட்டு, கில்மாரின் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

ஓமைரா ருட்செலின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அது கோபமா, ஆறுதலா, பதினோரு வருஷப் பயம் இறங்கியதா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நூரிஸுக்கு அவளைத் தொடக் கை வரவில்லை. செய்தது தப்பு, செய்யாதிருந்தால் அதைவிடத் தப்பு என்று இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றின. எழுந்து எங்காவது போய்விட வேண்டும் போலிருந்தது. கால்கள் தாமாகவே அடுப்படிப் பக்கம் திரும்பின.

ரிஷெலி நேராக நடந்து வந்தாள். சீஸ் தட்டை நூரிஸின் மடியில் வைத்தாள். குனிந்து ஓமைராவைக் கட்டிக்கொண்டு, "அழாதம்மா, எனக்கு முன்னாடியே தெரியும், அழாத" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவிக்கொண்டே, அவள் தோளுக்கு மேலாக நூரிஸைப் பார்த்தாள்.

"நீங்க உள்ள ஓடிடாதீங்க" என்றாள். "இங்கயே இருங்க."

நூரிஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.